ஊழியக்காரரா, சிநேகிதரா? அன்பின் பெயரால் நடக்கும் வேலை குறித்து

1

கிறிஸ்தவ விசுவாசத்திற்கும் சபை ஊழியத்திற்கும் உந்துதல் அன்பு ஒன்றுதான் என்று நமது பிரசங்க மேடைகள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. பயத்தால் வருகிற பக்தி பக்தியில்லை, கூலிக்காகச் செய்கிற ஊழியம் ஊழியமில்லை, நரகத்துக்குத் தப்பவோ மோட்சத்தை விலைக்கு வாங்கவோ வருகிறவன் விசுவாசியில்லை என்கிறார்கள். இதில் மறுக்க ஒன்றுமில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைப் படித்தவர் யாரும் வேறுமாதிரிச் சொல்ல முடியாது. சொத்தையெல்லாம் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாலும், உடம்பையே நெருப்பில் போட்டாலும், அன்பு இல்லையென்றால் அது கணக்கில் சேராது என்பதுதானே அந்த அதிகாரத்தின் சாரம்.

என்னுடைய கேள்வி வேறு. இதை யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறார்கள்? மணியடித்து, பாய் விரித்து, கோயிலைக் கூட்டுகிறவர் 'இந்தச் சம்பளம் பத்தல ஐயா' என்று போய் நின்றால், 'ஆண்டவருக்குச் செய்றதுக்குக் கணக்குப் பார்க்கலாமா?' என்று பதில் வருவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட சேகரங்களில் கேட்டிருக்கிறேன். அதே சேகரம் குருமனையைப் புதுப்பிக்கத் தீர்மானம் போடும்போது அன்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அங்கே எஸ்டிமேட், கொட்டேஷன் என்று பேச்சு சுத்தமான உலக பாஷைக்கு மாறிவிடுகிறது. கீழே இருக்கிறவரிடம் அன்பைக் கேட்டு வாங்குகிறார்கள். மேலே இருக்கிறவரிடம் அது ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள், யாரும் அவரிடம் கேட்பதில்லை.

இந்த ஓரவஞ்சனையைச் சில தனிமனிதர்களின் போலித்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பொதுவாக அப்படித்தான் சொல்கிறோம். 'ஆள் சரியில்லை, உபதேசம் சரிதான்.' எனக்கு அது போதவில்லை. நாம் பேசுகிற கிறிஸ்தவத் தமிழுக்குள்ளேயே, அன்பையும் விசுவாசத்தையும் ஊழியத்தையும் ஒரே வரியில் கோர்க்கிற அந்தச் சொல்லாடலுக்குள்ளேயே, இது உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சீர்திருத்த சபைகளின் தமிழைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கத் தமிழ் ஒப்பீட்டுக்கு வரும்.

2

முதலில் 'ஊழியம்'. இன்று சபைக்குள் இதைவிடக் கண்ணியமான சொல் கிடையாது. 'அவர் ஊழியத்தில் இருக்கிறார்' என்றால் பெண் கொடுக்கிறவர்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார். கன்வென்ஷன் சுவரொட்டிகளில் 'தேவ ஊழியர்' என்ற பட்டம் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வருகிறது. ஆனால் இந்தச் சொல் சபைக்குள் நுழைவதற்கு முன்பு எங்கே இருந்தது?

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட்ட பகுதியில், ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. அரசுக்கும் கோயிலுக்கும் மேல்சாதி உடைமையாளர்களுக்கும் சுமை தூக்குவது, ஓலையும் தீவனமும் கொண்டுபோய்ப் போடுவது, கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்பது. நாடார், பறையர், புலையர் முதலிய சாதிகள் பிறப்பால் இதற்குக் கட்டுப்பட்டிருந்தன. அய்யா வைகுண்டரின் வழியினர் போற்றும் அகிலத்திரட்டு அம்மானையில் இந்த ஊழியத்தின் கொடுமை விரிவாகவே பேசப்படுகிறது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில்கூடச் சோனகரும் செட்டிகளும் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்றுதான் பெயர். 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவரான கீழ்ச்சாதியாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. சாதாரணச் சலுகையா அது? வாரத்தில் ஒரு நாள் தன் உடம்பு தனக்கே சொந்தம் என்று ஒருவன் முதல்முறையாக உணர்ந்த நாள். அந்த ஒரு நாளுக்காகவே சபைக்கு வந்தவர்கள் உண்டு என்றால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆக, ஊழியத்திலிருந்து தப்பிக்கச் சபைக்கு வந்தார்கள். சபையில் அவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த சொல் 'ஊழியம்'. இதை வெறும் மொழிபெயர்ப்பு விபத்து என்று தள்ளிவிட முடியாது.

அடுத்தது 'விசுவாசம்'. சபைக்கு வெளியே தமிழில் இந்தச் சொல் எங்கே புழங்குகிறது? வேலைக்காரனுக்கு முதலாளி மேல் இருக்க வேண்டியது விசுவாசம். நாய்க்கு இருப்பது விசுவாசம். உப்பிட்டவரிடம் காட்ட வேண்டியது விசுவாசம். முதலாளிக்கு வேலைக்காரன் மேல் விசுவாசம் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். அது கீழிருந்து மேலே மட்டும் ஏறுகிற சொல். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதை விட்டுவிட்டு 'நம்பிக்கை' என்று போட்டது. ஊழியத்துக்குப் 'பணி' என்று போட்டது. சீர்திருத்த சபைகளின் காதுக்கு அது இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது. 'நம்பிக்கை என்ன நம்பிக்கை, பேங்க்ல பணம் போடுறவனுக்கும் நம்பிக்கை இருக்கு' என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. விசுவாசத்தில் இருக்கிற உயிர்ப்பாசம் நம்பிக்கையில் இல்லைதான். ஆனால் அந்தப் பாசம் எஜமானுக்கும் ஆளுக்கும் நடுவே வளர்ந்த பாசம் என்பதும் கூடவே வருகிறது.

இனி 'அன்பு'. ஸ்வீடன் நாட்டு லுத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நிக்ரென் 1930களில் 'அகாப்பே', 'ஈராஸ்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை எதிரெதிரே நிறுத்திப் பெரிய நூல் எழுதினார். ஈராஸ் மேலே ஏறுகிற ஆசை, மதிப்புள்ளதைத் தேடிப் போவது. அகாப்பே இறங்கி வருவது, எந்தக் காரணமும் இல்லாமல் கொடுப்பது, மதிப்பில்லாததை மதிப்புள்ளதாக்குவது. இப்படிப் பார்த்தால் அகாப்பே கடவுளுக்கே உரியது. மனிதன் கடவுளை நோக்கிக் காட்டுவதற்கு விசுவாசம் என்ற பெயரே பொருத்தம் என்பது நிக்ரெனின் முடிவு. ஐரோப்பாவில் இது கிருபையின் முதன்மையைக் காப்பாற்றச் செய்த வாதம். அதையே தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அன்பு மேலிருந்து இறங்குகிறது, விசுவாசம் கீழிருந்து ஏறுகிறது, நடுவில் ஊழியம் நடக்கிறது. ஒரு பண்ணையின் படம் வந்துவிடுகிறது! கொடுக்கிற ஆண்டை, விசுவாசமான ஆள், கணக்குப் பார்க்காத வேலை. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே இது சரியா தப்பா என்பதை இறையியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் படத்தில் ஆண்டவரின் இடத்தில் அவருடைய பிரதிநிதி வந்து உட்காரும்போதுதான் என் பிரச்சினை தொடங்குகிறது.

தமிழில் அன்புக்கு வேறு மரபும் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அன்பும் சிவமும் இரண்டில்லை என்கிற திருமூலரிடத்தில் மேலே கீழே என்ற ஏணிக்கு இடம் குறைவு. பெரிய புராணத்துக் கண்ணப்பர் ஆகமம் அறியாத வேடர். அவருடைய அன்பு முறைகேடானது, பூசாரியைத் திடுக்கிட வைப்பது. தமிழ்க் கிறிஸ்தவம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதனோடு ஒட்டியிருந்த அத்துமீறலை எடுத்துக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

3

வேதப் பிரதிக்கே போவோம். 1871இல் வெளிவந்த, பவர் திருப்புதல் என்று அறியப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்புதான் இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளின் வேதாகமம். அதில் மூன்று இடங்கள்.

முதலாவது, யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார், உனக்கு என்மேல் அன்பு உண்டா என்று. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஆடுகளை ஒப்படைக்கிறார். அன்பே ஊழியத்தின் உந்துதல் என்பதற்கு எல்லோரும் எடுக்கிற ஆதாரம் இது. கிரேக்கத்தில் முதல் இரண்டு கேள்வியில் ஒரு வினைச்சொல்லும், பேதுருவின் பதில்களிலும் மூன்றாவது கேள்வியிலும் வேறொரு வினைச்சொல்லும் வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். இயேசு 'அன்பாயிருக்கிறாயா' என்று கேட்கிறார், பேதுரு 'நேசிக்கிறேன்' என்கிறான். மூன்றாம் முறை இயேசுவே 'நேசி'க்கு இறங்கி வருகிறார். இரண்டு சொல்லுக்கும் பொருள் வேறுபாடு உண்டா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது கேட்கிறவர் யார் என்பது. மூன்று முறை மறுதலிக்கப்பட்டவர்தான் மூன்று முறை கேட்கிறார். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது, காயம் அவருடையது. ஆடுகளும் அவருடையவை, பேதுருவுக்கு எழுதிக் கொடுக்கப்படவில்லை. இந்தக் கேள்வியைச் சபைக் கமிட்டி ஓர் உபதேசியாரிடம் கேட்கும்போது, பாத்திரங்கள் மாறிப் போகின்றன. கமிட்டி யார் இடத்தில் நிற்கிறது?

இரண்டாவது, அப்போஸ்தலர் 6. விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்வதில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுகிறது. பன்னிருவர் கூடிப் பேசுகிறார்கள். மேசையில் பரிமாறுவதற்கும், வசனத்தைப் போதிப்பதற்கும் கிரேக்கத்தில் ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள், 'தியாகோனியா'வும் அதன் வினையும். சோறு போடுவதும் பிரசங்கம் செய்வதும் சொல் அளவில் உடன்பிறப்புகள். ஐக்கிய மொழிபெயர்ப்பில் பரிமாறுவது 'பந்திவிசாரணை' ஆகிறது, போதிப்பது 'ஊழியம்' ஆகிறது. பந்தியில் நிற்கிறவளின் வேலைக்கும் மேடையில் நிற்கிறவரின் வேலைக்கும் இருந்த இரத்த உறவு தமிழில் அறுந்துவிட்டது. இன்றும் அசனத்துக்குப் பாத்திரம் கழுவுகிற பெண்களை 'ஊழியக்காரர்' என்று நாம் சொல்வதில்லை. 'உதவி செய்தவர்கள்' என்று ஆண்டறிக்கையின் கடைசி வரியில் நன்றி சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'தூலோஸ்', அதாவது அடிமை என்ற கிரேக்கச் சொல் பிலிப்பியர் 2இல் கிறிஸ்துவுக்கு வரும்போது தமிழில் 'அடிமை' என்றே இருக்கிறது. ரோமர் நிருபத்தின் முதல் வசனத்தில் பவுல் அதே சொல்லைத் தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது 'ஊழியக்காரன்' ஆகிவிடுகிறது. ஆண்டவர் அடிமையாக நிற்க, அப்போஸ்தலருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

மூன்றாவது இடம்தான் முக்கியம். யோவான் 15:15. கடைசி இரவில் இயேசு சீடர்களிடம், இனிமேல் உங்களை ஊழியக்காரர் என்று அழைக்கப்போவதில்லை, சிநேகிதர் என்றே அழைக்கிறேன் என்கிறார். 1871இன் தமிழில் இங்கே 'ஊழியக்காரர்' என்ற சொல்லே நிற்கிறது, 'எஜமான்' என்ற சொல்லும் நிற்கிறது. நமது சபைகள் மகுடமாகச் சூட்டிக்கொண்டிருக்கிற பட்டத்தை, அந்தப் பட்டத்தின் சொல்லாலேயே, இயேசு நீக்கிவிடுகிறார். காரணமும் சொல்கிறார். எஜமான் என்ன செய்கிறான் என்பது வேலைக்காரனுக்குத் தெரியாது. தான் கேட்டதையெல்லாம் சீடர்களுக்குத் தெரிவித்துவிட்டதால் அவர்கள் சிநேகிதர். இருவரையும் பிரிக்கிற கோடு அறிதல். விஷயம் தெரிந்தவன் சிநேகிதன். தெரியாமல் கீழ்ப்படிகிறவன் ஊழியக்காரன், அவன் எத்தனை அன்போடு கீழ்ப்படிந்தாலும்.

இந்த வசனத்தை மையமாக வைத்துச் 'சபை ஊழியம்' பற்றி ஒரு பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

4

அன்பைக் கேட்டு வாங்க முடியுமா? தமிழ்நாட்டுத் திருச்சபை இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு. அதன் முன்னணியில் இருந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864), இன்றும் நாம் பாடுகிற கீர்த்தனைகளின் ஆசிரியர். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் அடுத்த படிக்குப் போனது. மிஷன் வேலையாட்கள் எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றது. அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் அன்பின் விருந்து. உண்ண மறுத்தவர்கள் வேலையை இழந்தார்கள். 1850இல் மதராஸ் மிஷனரி மாநாடு சேர்ந்துண்ணுதலைச் சாதி துறந்ததற்கான அடையாளமாகவே ஏற்றது.

இதற்கு எதிர்நிலை எடுத்தவர் லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். 1849க்கும் 1853க்கும் இடையே கீழைநாட்டுப் பயணம் செய்து, தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். சாதியைக் கட்டளையால் ஒழிக்க முடியாது, சுவிசேஷம் உள்ளிருந்து புளித்த மாவைப் போல வேலை செய்து மாற்ற வேண்டும், நிர்ப்பந்தம் அன்பாகாது என்பது அவர் வாதத்தின் போக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தப் புளிப்பு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது? உள்ளிருந்து மாறட்டும் என்று காத்திருந்த சபைகளில், காத்திருந்தவன் யார்? கிண்ணம் தனக்குக் கடைசியில் வரும் என்று தெரிந்தும் பந்திக்கு வந்த தாழ்த்தப்பட்டவன். அவனுடைய பொறுமைக்குத்தான் அன்பு என்று பெயர் வைத்தார்கள். மேல்சாதிக்காரனிடம் அன்பைக் கேட்பது நிர்ப்பந்தம் என்றும், கீழ்ச்சாதிக்காரனிடம் கேட்பது சுவிசேஷம் என்றும் ஆனது.

மதுரை மிஷனின் வழி சரியா என்றால் அங்கேயும் எனக்கு நெருடல் உண்டு. சம்பளம் கொடுக்கிற வெள்ளைக்காரத் துரை, சம்பளம் வாங்குகிற ஆளை உட்கார வைத்து, 'சாப்பிடு, உன் அன்பைப் பார்க்கிறேன்' என்கிறார். துரையின் வீட்டு மேசையில் அந்த ஆளுக்கு இடமிருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை. சாதியைச் சட்டமாகத் தடை செய்திருந்தால் நான் ஆதரித்திருப்பேன். சபை தன் நிர்வாகத்தில் சாதியை அனுமதிக்காது என்பது நீதி, நீதியைக் கட்டளையிடலாம். அதற்கு அன்பு என்று பெயர் சூட்டியபோதுதான் குழப்பம் வந்தது. இந்தக் குழப்பம் பழையது. அன்பிருந்தால் பிறகு எதையும் செய்யலாம் என்ற புகழ்பெற்ற கருத்தைச் சொன்ன அகுஸ்தீன்தான், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொனாத்தியரை அரச பலத்தால் சபைக்குள் கொண்டுவருவதை அன்பின் பெயராலேயே நியாயப்படுத்தினார். பிள்ளையை அடிக்கிற தகப்பன் என்ற உவமை அந்தக் கருத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

மதுரையில் அன்பின் விருந்து நடந்த அதே 1847இல் கோபன்ஹேகனில் கீர்க்கெகார்ட் 'அன்பின் செயல்கள்' என்ற நூலை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, ஆண்டு மட்டும் ஒன்று. அன்புகூருவது கடமை, கட்டளை என்பதை அவர் முழுசாக ஏற்கிறார். ஆனால் அந்தக் கட்டளை ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக வருகிறது, அதை வைத்து அடுத்தவனுடைய அன்பை அளக்க உனக்கு அதிகாரமில்லை என்கிற பக்கம் அவரை இழுத்துச் செல்கிறார். நம்முடைய இலக்கண பாஷையில் சொன்னால், அன்பு தன்மையில் பேச வேண்டிய சொல். 'அன்பினால் செய்கிறேன்' என்பது சாட்சி. 'நீ அன்பினால் செய்' என்று சம்பளம் கொடுக்கிறவன் முன்னிலையில் சொன்னால் அது வேலை வாங்குதல்.

5

இந்த விஷயத்தை உலக சபையின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்று, 1945இல் மறையும்வரை அங்கே இருந்தவர்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. பேராளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். 35 வயது அசரியா எழுந்து, வெளிநாட்டு மிஷனரிக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான உறவு எஜமான்-வேலையாள் உறவாகவே இருக்கிறது என்றார். மிஷனரி சம்பளம் போடுகிறவர், இந்தியர் வாங்குகிறவர். தென்னிந்தியாவில் கீழ்நிலை ஊழியர்கள் மிஷனரியை 'எஜமான்' என்றே கூப்பிடுகிறார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். நாற்காலி, கைகுலுக்கல், விருந்து, தேநீர் ஆகியவற்றை அவற்றுக்காகவே தான் கேட்கவில்லை என்றும், நட்பின் வெளிப்பாடாக இருந்தால் அவை எல்லாமும் அதற்கு மேலும் வேண்டும் என்றும் சொன்னார். முடிக்கும்போது கொரிந்தியர் 13ஐ மேடையில் இருந்தவர்கள் பக்கமே திருப்பினார். பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், இந்தியச் சபை அதற்கு நன்றியுள்ளது, ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அந்த முடிவின் கருத்து. கூட்டத்தில் சிலருக்கு அது அதிர்ச்சி, சிலருக்குக் கோபம்.

இந்தப் பேச்சைப் பொதுவாகத் தேசிய உணர்வின் வெளிப்பாடாகப் படிக்கிறார்கள். எனக்கு அது யோவான் 15:15இன் வாசிப்பாகத் தெரிகிறது. அன்பு மேலிருந்து கீழே கொடுக்கப்படுகிறது என்று மிஷனரிகள் நம்பிக்கொண்டிருந்தபோது, 'கொடுத்தீர்கள், ஆனால் அது அன்பில்லை' என்று வாங்குகிறவன் சொல்கிறான். எது அன்பு என்று தீர்மானிக்கிற உரிமை கைமாறுகிறது. அன்பைக் கேட்கிற வினா முதல்முறையாகக் கீழிருந்து மேலே போகிறது. 'எஜமான்', 'சிநேகிதன்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு நடுவே வளர்ந்த ஒருவருக்குத்தான் இது இவ்வளவு துல்லியமாக வந்திருக்க முடியும்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. எஜமான்கள் கப்பல் ஏறினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி போகவில்லை. அதில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். அசரியா மிஷனரியிடம் கேட்ட கேள்வியை உபதேசியார் குருவானவரிடம் கேட்டாரா, குருவானவர் பேராயரிடம் கேட்டாரா? கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை நாம் 'கலகக்காரர்' என்று குறித்து வைத்திருக்கிறோம்.

6

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்ட பிரதி பாமாவின் 'கருக்கு' (1992). சாதி பற்றிய தன்வரலாறாக அதை நிறையப் பேசியாயிற்று. அன்பு ஊழியத்தின் உந்துதலாக இருக்க முடியுமா என்ற கேள்வியின் ஆவணமாகவும் அதைப் படிக்கலாம்.

சம்பளத்தோடு ஆசிரியையாக இருந்த ஒரு தலித் பெண், தன் சனத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கன்னியர் மடத்தில் சேருகிறார். இதைவிடச் சுத்தமான அன்பின் உந்துதலைப் பிரசங்க மேடை கற்பனை செய்ய முடியாது. உள்ளே போனால் மடம் நடத்துவது வசதியானவர்களின் பள்ளி. கூட்டுவதும் கழுவுவதும் தலித்துகளின் வேலை. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வாழ்வது வசதியில். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு கேள்வி கேட்க விடாது. எங்கே அனுப்புகிறார்கள், ஏன் அனுப்புகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். எஜமான் செய்வது ஊழியக்காரனுக்குத் தெரியாது!

அவர் 1992இல் வெளியே வருகிறார். கையில் வேலையில்லை, பாதுகாப்பில்லை. வழக்கமான தீர்ப்பு, 'அழைத்தல் இல்லை, அன்பு பத்தவில்லை' என்பது. பிரதி சொல்வது நேர்மாறு. எந்த அன்பு அவரை உள்ளே கொண்டுவந்ததோ, அதே அன்புதான் வெளியே தள்ளுகிறது. அந்தப் பிள்ளைகளை விட்டுக்கொடுத்துவிட்டு மடத்தில் இருந்திருந்தால்தான் அன்பு தோற்றிருக்கும். அன்பை உந்துதலாக வைத்துச் சேருகிறவர், அதே உந்துதலால் விலகவும் கூடும் என்பதை எந்த நிறுவனமும் தன் விதிகளில் எழுதி வைப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாமா இதைச் சபைத் தமிழில் எழுதவில்லை. ஊரில் பேசுகிற மொழியில் எழுதினார். அன்பு, ஊழியம், அழைத்தல் என்ற சொற்களின் பளபளப்பு அந்த மொழியில் நிற்கவில்லை, உதிர்ந்துபோகிறது.

7

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'அப்போ சபை வேலையையும் தொழிற்சங்கக் கணக்கில் கொண்டுவரச் சொல்றீங்களா? கூலிக்கு மாரடிக்கிறவன் குஷ்டரோகியின் புண்ணைக் கழுவுவானா?' நல்ல கேள்வி. கூலியை மட்டும் வைத்து விளக்க முடியாத வாழ்க்கைகள் இருக்கின்றன. கொல்லிமலையில் ஊழியம் செய்த எவ்லின் பிராண்டை எடுத்துக்கொள்வோம். கணவர் ஜெஸ்ஸி 1929இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். ஓய்வு வயது வந்தபோது மிஷன் அவரை மலைக்குத் திரும்ப அனுப்பத் தயாராக இல்லை. அவர் மிஷனைவிட்டு விலகி, தன் பொறுப்பிலேயே மலைக்குப் போனார். 1974இல் 95 வயதில் இறக்கும்வரை மலைகளில்தான் இருந்தார். அவருடைய மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தவர்.

இதை அன்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல? ஆனால் பாருங்கள், யாரும் அந்த அம்மாளிடம் போய் 'அன்பிருந்தால் மலைக்குப் போ' என்று சொல்லவில்லை. 'போகாதே' என்றுதான் சொன்னார்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, விலகுகிற சுதந்திரமும் இருந்தது, வெள்ளைக்காரப் பெண் என்ற பாதுகாப்பும் ஓரளவு இருந்தது. இந்த மூன்றும் இல்லாத ஓர் உபதேசியாரிடம் அதே தியாகத்தை எதிர்பார்ப்பதற்கு அவருடைய வரலாற்றை உதாரணம் காட்டுவது அநியாயம். வாழ்க்கை வரலாறுகளை நம் சபைகள் படிக்கிற விதத்தில் இந்த அநியாயம் தொடர்ந்து நடக்கிறது.

ஆகவே அன்பை வெளியேற்றிவிட்டுக் கூலியை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கூலி நீதியின் விஷயம், அதை முதலில் கொடுத்துவிட வேண்டும். வேலையாள் தன் கூலிக்குத் தகுதியானவன் என்பதும் வேதத்தில் இருப்பதுதான். நியாயமான சம்பளம் வாங்குகிறவரிடம் அன்பு இருக்காது என்று நினைப்பதே அவரைக் கேவலப்படுத்துவது. அதற்குப் பிறகு அவர் கூடுதலாக எதைக் கொடுக்கிறார் என்பது அவருக்கும் அவருடைய ஆண்டவருக்கும் நடுவே உள்ள விஷயம். அதைச் சபை நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம், எதிர்பார்த்துப் பட்ஜெட் போடக்கூடாது.

யோவான் 15இல் அன்பு கட்டளையாகவே வருகிறது என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளை ஒருவர்மேல் ஒருவர் காட்டும் அன்பைப் பற்றியது. அதற்கும், அதே கட்டளை மறுபடி வருகிற 17ஆம் வசனத்துக்கும் இடையில்தான் 'ஊழியக்காரர்' என்ற பட்டம் நீக்கப்படுகிறது. வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. எஜமானும் ஆளுமாக இருக்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் அன்பாயிருங்கள் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியாது, அதில் ஒரு பக்கம் எப்போதும் விசுவாசமாக மட்டுமே இருக்க முடியும்.

எனவே அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற சபைகளிடம் எனக்கு இருப்பது மிக எளிய, கொஞ்சம் அற்பமாகக்கூடப் படுகிற சோதனை. கோயிலைக் கூட்டுகிறவருக்குச் சேகரத்தின் வரவு செலவு தெரியுமா? உபதேசியாருக்குத் தன்னை ஏன் மாற்றினார்கள் என்று காரணம் சொல்லப்படுகிறதா? அசனத்தில் பாத்திரம் கழுவிய பெண்களில் ஒருவருக்காவது தீர்மானம் போடுகிற மேசையில் நாற்காலி உண்டா? தெரியும், சொல்கிறோம், உண்டு என்று பதில் வந்தால், அந்தச் சபையில் யாரும் யாரையும் அன்பினால் செய்யுங்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். இல்லை என்று பதில் வந்தால், அங்கே நடப்பதற்குத் திருவிதாங்கூரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.